பழைய பாய்மரப் படகு: முதல்முறை வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் இருக்கிறேன், அடிப்படைப் பாய்மரப் பயிற்சி முடித்துவிட்டேன், கையில் 6,000 டாலர் இருக்கிறது. 1970களில் கட்டிய 27 அடிப் படகு ஒன்று 3,500 டாலருக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

நானும் இதே வளைகுடாவில் பழைய படகு ஒன்றை வைத்து ஓட்டுகிறேன். தெரிந்தவர்கள் படகு வாங்கும்போது கூடப் போய்ப் பார்த்துச் சொல்வதும் உண்டு. என் பதில்: பழைய படகு தாராளமாக வாங்கலாம். ஆனால் மேல்தளத்தை, அதாவது டெக்கை, அங்குலம் அங்குலமாகப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

படகு என்றதும் எல்லோருக்கும் அடிப்பக்கத்தைப் பற்றித்தான் கவலை. ஓட்டை விழுந்திருக்குமோ, மூழ்கிவிடுமோ என்று. 1960, 70களில் ஃபைபர் கிளாஸ் படகு கட்டியவர்கள் அடிப்பகுதியைத் தடிமனாகவே போட்டார்கள். அதனால்தான் ஐம்பது வயதான படகுகள் இன்றும் படகு நிறுத்தும் துறைகளான மரினாக்களில் வரிசையாக நிற்கின்றன. அடியில் கொப்புளங்கள் வரலாம். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அவற்றால் படகு மூழ்குவது அபூர்வம். பழைய படகைப் பெரும்பாலும் கெடுப்பது மேலே இருந்து பெய்யும் மழைதான்.

ஏன் என்றால், டெக் முழுக்க ஃபைபர் கிளாஸ் கிடையாது. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரமோ ப்ளைவுட்டோ வைத்துக் கட்டியிருப்பார்கள். எடை குறையும், விறைப்பும் கிடைக்கும் என்பதற்காக. கைப்பிடிக் கம்பி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், கயிறு கட்டும் கொண்டி என்று டெக்கில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அந்த மூன்றையும் துளைத்து போல்ட் போட்டிருக்கும். நீர் இறங்காமல் இருக்க போல்ட்டைச் சுற்றிப் பூசிய சீலன்ட் சில வருடங்களில் காய்ந்து வெடித்துவிடும். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் நடுவில் இருக்கும் மரத்துக்குள் இறங்கும். ஓட்டு வீட்டில் ஒரு ஓடு நகர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் சில வருடம் கழித்து உத்தரமே உளுத்துப்போயிருக்குமே, அந்தக் கதைதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் ஊறிக் கூழாகியிருக்கும்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எடுத்துப் போங்கள். அதன் கைப்பிடியால் டெக்கை ஒரு கோடு பிடித்தாற்போல் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். ஊறிப்போன இடத்தில் 'தொப் தொப்' என்று சத்தம் செத்துவிடும். காது சீக்கிரமே பழகிவிடும். பாய்மரத்தின் அடி, கைப்பிடிக் கம்பிகளின் அடி, ஜன்னல் ஓரங்கள், முன்பக்கத் திறப்பைச் சுற்றி, இந்த நான்கையும் விடவே விடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தும் பாருங்கள். டெக் காலடியில் லேசாக அமுங்கினால், அதன் நடுமரம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சில மாதங்களுக்கு முன் அலமேடாவில் ஒரு படகு பார்க்கப் போனோம். உள்ளே புது மெத்தை, மரமெல்லாம் வார்னிஷ் பூசி மினுங்கியது. கூட வந்த நண்பருக்கு அப்போதே மனதுக்குப் பிடித்துவிட்டது. இடப்பக்கம் உட்காரும் பலகையின் முதுகு மெத்தையை எடுத்துப் பார்த்தேன். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் டெக்கைத் தாண்டி உள்ளே வந்து, ஒரு எஃகுப் பட்டை வழியாகக் கேபினின் குறுக்குச் சுவரில் போல்ட் செய்யப்பட்டிருக்கும். அதற்குச் செயின்பிளேட் என்று பெயர். அந்தப் பட்டைக்குக் கீழே சுவர் ப்ளைவுட் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு சாவியின் முனையால் அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. பலமான காற்றில் பாய்மரத்தின் பாரம் முழுவதும் அந்தக் கறுப்புப் பலகையின் மேல்தான் விழும். விற்பவர் நல்ல மனிதர், அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. மெத்தை மறைத்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அதனால், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். இங்கே மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். கோடையில் எல்லாப் படகும் காய்ந்துதான் இருக்கும். மழைக்கு மறுநாள் ஜன்னல் ஓரத்துப் பழுப்புக் கோடு, அலமாரி மூலையில் ஈரம், அந்தப் புழுங்கிய வாடை எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். குளிர்காலம் முழுக்கப் படகு நிறுத்தும் இடத்துக்கு வாடகை கட்ட மனமில்லாதவர்கள் விற்பதும் அந்த மாதங்களில்தான், விலையும் கொஞ்சம் இறங்கும்.

இரண்டு கை அகலத்துக்கு மட்டும் டெக் கெட்டிருந்தால் பயப்பட வேண்டாம். மேல் தோலை வெட்டி எடுத்து, அழுகியதைச் சுரண்டி, புதுத் துண்டு வைத்து எப்பாக்சிப் பசையும் ஃபைபர் கிளாஸும் போட்டு மூடலாம். பொறுமை இருந்தால் நாமே செய்யக்கூடிய வேலை. பாய்மரத்தடியும் இரண்டு பக்க நடைபாதையும் சேர்ந்து தொப்பென்று சொன்னால் அந்தப் படகை விட்டுவிடுங்கள், இலவசமாகக் கொடுத்தாலும் சரி.

அடுத்தது ரிக்கிங், பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள். உப்புநீரில் இருக்கும் கம்பிகளைப் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. எப்போது மாற்றியது, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். "நான் வாங்கும்போதே இருந்தது" என்று பதில் வந்தால், மாற்றும் செலவை உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். 27 அடிப் படகுக்கு அது சில ஆயிரம் டாலர், சில சமயம் படகின் விலையையே தொடும். கம்பியின் மேல் ஒரு டிஷ்யூ தாளை வைத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சு பஞ்சாகச் சிக்கினால் உள்ளே ஒரு இழை அறுந்திருக்கிறது. கம்பி முனையில் இருக்கும் உலோகக் குழாயில் மயிரிழை விரிசலோ துருக் கோடோ இருந்தாலும் அந்தக் கம்பியை நம்ப முடியாது.

இன்ஜின். 70களின் 27, 30 அடிப் படகுகள் பலவற்றில் அட்டாமிக் ஃபோர் என்ற பெட்ரோல் இன்ஜின் இருக்கும். உழைக்கும் இன்ஜின், உதிரிப்பாகமும் இன்னும் கிடைக்கிறது. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிக்குழியில் இறங்கித் தங்கிவிடும். எனவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் விசிறியைச் சில நிமிடம் ஓடவிட்டு ஆவியை வெளியேற்றுவது உயிர் காக்கும் பழக்கம். டீசலோ பெட்ரோலோ, நீங்கள் வரும் முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார் என்றால் இந்தத் தலைவலி பாதியாகக் குறையும். கெட்டால் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு போகலாம்.

பாயை விரித்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள், தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடிந்து வந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது. அடிப்பகுதியில் நீர் உள்ளே வரும் குழாய்களின் வால்வு ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பாருங்கள், திரும்பாத வால்வு இருந்தும் பயனில்லை. கேட்டலினா 27 போன்ற படகுகளில், படகு கவிழாமல் இருக்க அடியில் தொங்கும் ஈயப் பாரம், அதாவது கீல், உடலோடு சேரும் இடத்தில் முன்பக்கம் வாய் வளைந்தாற்போல் ஒரு விரிசல் வரும். 'கேட்டலினா சிரிப்பு' என்றே அதற்குப் பெயர். பல சமயம் கீல் போல்ட்டுகளை முறுக்கிச் சரி செய்துவிடலாம். ஆனால் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும்.

இப்போது பணத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்து மரினாக்களில் வாடகை அடிக்கணக்கில் வாங்குவார்கள். அடிக்கு மாதம் 13 டாலர் என்று வைத்தால்கூட 27 அடிக்கு மாதம் 351, வருடத்துக்கு 4,212 டாலர். படகின் விலையைவிட அதிகம்! இதோடு காப்பீடு, கவுன்டிக்கு வருடாந்திரச் சொத்து வரி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி அடியில் பாசிபிடிக்காத பெயின்ட் அடிக்கும் செலவு. கையில் இருக்கும் 6,000 டாலரில் 3,500 படகுக்கே போனால் முதல் வருடமே மூச்சு முட்டும். விலைக்குச் சமமான தொகை, முடிந்தால் அதற்கு மேலும், பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

இலவசப் படகு விளம்பரங்கள் அவ்வளவு வருவதற்கும் காரணம் இதே கணக்குதான். ஃபைபர் கிளாஸ் மக்காது, இரும்பு போல் எடைக்கும் போகாது, அழிக்கத்தான் செலவு. வேண்டாத படகை உரிமையாளரே ஒப்படைப்பதற்குக் கலிஃபோர்னியா அரசு தனித் திட்டமே வைத்திருக்கிறது. அப்படி ஒப்படைக்க வேண்டிய நிலையில் இருக்கும் படகைத் தெரியாமல் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிடாதீர்கள்.

எனக்குக் கேட்டால், முதல் படகுக்கு 27 அடி வேண்டாம். 20, 22 அடி போதும். வாடகை குறையும், கம்பி, பாய், கயிறு எல்லாமே மலிவு, தனியாகவும் ஓட்டலாம். இந்த வளைகுடாவில் கால் (Cal) 20, சான்டானா 22 இரண்டும் நன்றாகப் பழகிய படகுகள். கால் 20ஐ வில்லியம் லாப்வொர்த் வடிவமைத்தார், 1961லிருந்து கட்டினார்கள். மொத்த எடை 1,950 பவுண்டு, அதில் கிட்டத்தட்ட பாதி, 900 பவுண்டு, கீலில் இருக்கிறது. இங்கே அந்தப் பாரம் தேவை. கோடை மதியங்களில் உள்நாட்டுச் சமவெளி கொதிக்க, குளிர்ந்த கடற்காற்று வளைகுடாவின் வாயான கோல்டன் கேட் இடுக்கு வழியாகப் பாய்ந்து 20, 25 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் எதிர்க்கரையில் இருக்கும் பெர்க்லி பக்கம் அடிக்கும். நாட்டில் அதிகம் விற்ற படகுகளில் ஒன்றான கேட்டலினா 22 நல்ல படகுதான், ஆனால் அதன் தூக்கி இறக்கும் கீல் உள்ள மாதிரி ஏரிக்குத்தான் அதிகம் பொருந்தும். வளைகுடாவுக்கு அசையாத கீல் உள்ளதைத் தேடுங்கள்.

சின்னப் படகு என்றால் சின்ன அனுபவம் என்று நினைக்க வேண்டாம். 1962இல் கெனிச்சி ஹோரியே என்ற 23 வயது ஜப்பானிய இளைஞர் 19 அடி ப்ளைவுட் படகில் தனியாகப் பசிபிக்கைக் கடந்து இதே கோல்டன் கேட்டுக்குள் வந்து சேர்ந்தார். அந்தப் படகை சான் ஃபிரான்சிஸ்கோ கடல்சார் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். நீங்கள் வளைகுடாவுக்குள் இருக்கும் ஏஞ்சல் தீவு வரை போய் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வர 20 அடி தாராளம்.

அவசரம் இல்லையென்றால் ஒரு கோடையை வாங்காமலே கழியுங்கள். பெர்க்லியில் இருக்கும் கால் செய்லிங் கிளப் (Cal Sailing Club) தன்னார்வலர்களே நடத்துவது, குறைந்த கட்டணத்தில் அவர்களுடைய படகுகளையே ஓட்டலாம். வார நாள் மாலைப் பந்தயங்களுக்கும் படகுக்காரர்கள் ஆள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். மற்றவர் படகில் கயிறு இழுக்கும்போது, எந்த வகைப் படகு உங்களுக்கு ஒத்துவரும் என்பது தெளிவாகிவிடும்.

இவ்வளவும் பார்த்து ஒரு படகு பிடித்துவிட்டது என்றால், 'சர்வே, அதாவது நிபுணர் சோதனை, சரியாக வந்தால்தான் வாங்குவேன்' என்று எழுதிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். சாம்ஸ், நாம்ஸ் என்ற இரண்டு சங்கங்களில் ஒன்றைச் சேர்ந்த சர்வேயரை நீங்களே பிடியுங்கள், விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். கட்டணமும் அடிக்கணக்குதான். சர்வேயர் பெரும்பாலும் பாய்மர உச்சிக்கு ஏறிப் பார்க்கமாட்டார், அதற்கு, கம்பி வேலை பார்க்கும் ரிக்கர் தனி. 2,000 டாலர் படகுக்குச் சர்வே கட்டுப்படியாகாது என்று தோன்றினால், அனுபவமுள்ள ஒருவரையாவது கூட்டிப் போங்கள்.

காகிதங்களில் படகின் அடையாள எண்ணைச் சரிபாருங்கள். 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய அமெரிக்கப் படகுகளில் பின்பக்கம் வலது மூலையில் அது பொறித்திருக்கும், டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மரினாவுக்கு வாடகை பாக்கி இருக்கிறதா என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், பாக்கி படகோடு சேர்ந்து வரலாம். இன்ஜின் உள்ள படகு ஓட்ட 2025 ஜனவரியிலிருந்து வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் கலிஃபோர்னியா போட்டர் கார்டு என்ற படகோட்டி அட்டை கட்டாயம். படகை வாங்கினால் அது நிற்கும் இடமும் தானாக உங்களுக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், பல மரினாக்கள் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லும், காப்பீட்டுச் சான்றும் கேட்கும். பழைய படகுக்குக் காப்பீடு தரச் சில நிறுவனங்கள் யோசிக்கும் என்பதால், விற்பவருக்குப் பணம் கொடுக்கும் முன்பே காப்பீட்டையும் இடத்தையும் பேசி முடித்துவிடுங்கள்.