மேடையேறும் முன் பதற்றம் வராமல் இருக்க நீங்கள் வைத்திருக்கும் பழக்கம் என்ன?

நான் ஸ்பெஷல் நாடகக்காரன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' போட்டால் பெரும்பாலும் எனக்கு நாரதர் வேடம்.

எங்கள் நாடகத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். இதற்கு ஒத்திகையே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார்கள். அன்று ராத்திரி அந்த ஊர்ப் பந்தலில்தான் நாங்கள் ஒன்று சேர்கிறோம். வள்ளியாக வரும் அக்காவை அங்கேதான் முதல் தடவை பார்க்கிறேன் என்பதும் நடக்கும். அவரோடு நான் மேடையில் தர்க்கம் பண்ண வேண்டும். எந்த இடத்தில் மடக்குவார், எந்தப் புராணத்தை இழுப்பார், ஒன்றும் தெரியாது. சனமும் அதைக் கேட்கத்தான் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது.

ஆக, மேலே ஏறிவிட்டால் பாதி விஷயம் என் பிடியில் இல்லை. ஏறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் என்னுடையது. அதை எந்த ஊரிலும் மாற்ற மாட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு இரண்டு இட்லியோடு முடிந்துவிடும். கமிட்டிக்காரர்கள் விட மாட்டார்கள், "கறி வெந்துருச்சுண்ணே, ஒரு வாய்" என்பார்கள். விடிந்ததும் வந்து உட்காருகிறேன் என்று கும்பிட்டுவிடுவேன். வயிறு நிறைந்தால் மேல் ஸ்தாயிக்கு மூச்சு எட்டாது. அப்புறம் போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன்.

அதன் பிறகு அரிதாரம். டிரங்குப் பெட்டி மேல் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, வண்ணத்தை உள்ளங்கையில் குழைத்து நெற்றியிலிருந்து கீழே இறக்குவேன். பிறகு புருவம், கண்ணுக்கு மை, கடைசியில் கொண்டை. எப்போதும் இதே வரிசைதான். மை தீட்டும் இடம்தான் முக்கியம். கை நடுங்கினால் கோடு கோணிவிடும். ட்யூப்லைட்டைச் சுற்றும் ஈசல் வேறு கன்னத்தில் வந்து ஒட்டும். கோடு நேராக வர வேண்டுமென்றால் மூச்சை நீளமாக, மெதுவாக விட்டுக்கொண்டே இழுக்க வேண்டும். இது வெறும் கைப்பழக்கம் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். வெளிமூச்சை நீட்டினால் உடம்பு தானாகவே அடங்கத் தொடங்குகிறது. நாரதர் வேடம் போடாதவர்களும் இதைச் செய்யலாம், மைக்குச்சி தேவையில்லை.

வேடம் முடிந்ததும் ஆர்மோனியக்காரரிடம் போய்க் கட்டையை, அதாவது நான் பாட வேண்டிய சுருதியை, உறுதி பண்ணிக்கொள்வேன். அவர் சுருதியைப் பிடித்துக் காட்டுவார், முதல் பாட்டின் முதல் அடியை மட்டும் வாய்க்குள் முனகிப் பார்ப்பேன். தர்க்கத்தில் என்ன சொல்வது என்று அந்த நேரத்தில் யோசிக்கவே மாட்டேன். அதெல்லாம் பகலிலேயே படித்து முடித்தாயிற்று. வாசலில் நின்றுகொண்டு புத்தகத்தைப் புரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். புதிதாக ஏறுவது ஒன்றும் இல்லை, இருப்பதும் கலங்கிப் போகும்.

இவ்வளவு செய்தும் பயம் போகாது. வாய் உலரும், ஏனென்றால் பதறும்போது உடம்பு எச்சில் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் பிளாஸ்கில் சுக்குமல்லிக் காப்பி. மற்றபடி நெஞ்சு அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. பாடுவதற்கும் பேசுவதற்கும் முன்னால் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்களாம். எங்கள் ஆட்கள் இதை "சூடு ஏறியிருக்கு" என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழக்கம் வேறு, ராசி வேறு. எங்களில் ஒருவருக்கு ஒரு மஞ்சள் துண்டு ராசி. ஒரு நாள் அது பஸ்ஸிலேயே போய்விட்டது, மனிதர் ராத்திரி முழுக்கத் துண்டைப் பற்றியே புலம்பினார். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் பாட்டில்களைக் காலடியில் ஒரே வாகில் வைப்பார். அதை மூடநம்பிக்கை என்று எல்லோரும் கிண்டல் பண்ணினார்கள். தலைக்குள் வேண்டிய ஒழுங்கைச் சுற்றிலும் உண்டாக்கிக்கொள்கிறேன் என்பதுதான் அவர் சொன்ன விளக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பாட்டில் எந்த ஊரிலும் கிடைக்கும், மஞ்சள் துண்டு கிடைக்காது.

நடுக்கத்துக்கு மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. புரோப்ரனலால் என்று ஒன்று சொல்வார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் நண்பர் கொடுத்தார் என்று வாங்கி விழுங்காதீர்கள்.

கல்லூரி மேடையோ இன்டர்வியூவோ, உங்களுக்கு ஒரு மணி நேரமெல்லாம் கிடைக்காது. சில ஊரில் எனக்கும் கிடைப்பதில்லை. வேன் தாமதமாகி, இறங்கியதும் பபூன் மேடையில் நேரம் கடத்திக்கொண்டிருப்பார். அன்றைக்கு முகத்தில் பாதி வண்ணத்தோடு போவேன். ஆனால் நாலைந்து நீள மூச்சையும், முதல் அடியை முனகுவதையும் மட்டும் விட மாட்டேன். அதற்கு இரண்டு நிமிஷம் போதும். பபூன் அண்ணன் இன்னொரு ஜோக் சொல்லிச் சமாளித்துக்கொள்வார்.