கீழே விழுந்த கேமரா: எந்தப் பழுது யார் கணக்கில்?

கேள்வி: வக்கீல் சார், வணக்கம். எனக்குக் கோத்தகிரி பக்கம். கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைக்கிறேன். ஸ்டூடியோ கிடையாது, எல்லாம் நானேதான். கோவையில் 84,000 ரூபாய்க்கு லென்ஸோடு கேமரா வாங்கினேன், இரண்டு வருட வாரண்டி. ஜனவரியில் பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாக் கூட்டத்தில் தோள்பட்டை நழுவி, கேமரா கல்படியில் விழுந்துவிட்டது. ஆன் ஆனது, ஆனால் ஆட்டோஃபோகஸ் பிடிக்கவில்லை, படத்தில் ஒரு பக்கம் மங்கல். நண்பனுடைய லென்ஸை மாட்டினால் நன்றாகவே எடுத்தது. கோவையில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன், விழுந்ததையும் சொன்னேன். 31,000 ஆகும் என்று எஸ்டிமேட் தந்தார்கள். கட்டுப்படியாகாது, திருப்பித் தாருங்கள் என்றேன். மூன்று வாரம் இழுத்து, பரிசோதனைக் கட்டணம் 1,500 வாங்கிக்கொண்டு தந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் வந்து பார்த்தால் ஆன் ஆகவே இல்லை. அடியில் ஒரு ஸ்க்ரூ காணோம், பிடி ரப்பர் தூக்கிக்கொண்டிருக்கிறது. அன்று இரவே வாட்ஸ்அப்பில் கேட்டேன். “கீழே விழுந்த கேமரா சார், போர்டு போயிருக்கும்” என்று பதில். வாரண்டியும் மொத்தமாகப் போச்சாம். விழுந்ததைச் சொன்னதே தப்பு, கேஸில் “விழவே இல்லை” என்று போடு என்கிறான் நண்பன். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் நண்பரின் யோசனையைத் தூக்கிப் போடுங்கள். விழுந்தது ஜாப் ஷீட்டில், அதாவது கேமராவை வாங்கும்போது சர்வீஸ் சென்டர் எழுதிய தாளில், எழுதியிருக்கிறது, நீங்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் தாக்கல் செய்வது பிரமாண வாக்குமூலம். அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். அதைவிட முக்கியமாக, உங்களுக்குப் பொய்யே தேவையில்லை. உண்மைதான் உங்கள் வழக்கைத் தாங்கி நிற்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் கேமராவில் இரண்டு பழுதுகள் இருக்கின்றன. ஒன்று, விழுந்ததால் வந்தது: ஃபோகஸ் பிடிக்காதது, ஒரு பக்கம் மங்கியது. இன்னொன்று, சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பிய பிறகு தெரிந்தது: ஆன் ஆகாதது. முதல் பழுதுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதற்கு யாரிடமும் பணம் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது பழுதுக்கு மட்டும். சர்வீஸ் சென்டர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. “விழவே இல்லை” என்று நீங்கள் சொன்னாலும் அதே குழப்பத்துக்குத்தான் துணை போவீர்கள்.

இரண்டையும் பிரித்துக் காட்ட உங்களிடமே நல்ல ஆதாரம் இருக்கிறது. நண்பருடைய லென்ஸை மாட்டி எடுத்த படங்களைத்தான் சொல்கிறேன். கேமரா பாடியின் மவுண்ட் (லென்ஸை மாட்டும் வளையம்) வளைந்திருந்தால் அவர் லென்ஸிலும் ஒரு பக்கம் மங்கியிருக்கும். மங்கவில்லை என்றால் அடி உங்கள் லென்ஸோடு நின்றது என்று வாதாடலாம். அந்தப் படக் கோப்புகளுக்குள் எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் பதிவாகியிருக்கும். பல கேமராக்களில் பாடியின் சீரியல் எண்ணும் பதிவாகும். விழுந்த தேதிக்குப் பிறகு, கோவையில் கொடுத்த தேதிக்கு முன்பு, இதே பாடி வேலை செய்தது என்று அந்தப் படங்களே சாட்சி சொல்லும். ஒன்றில் கவனம் வேண்டும்: அவற்றை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் போய்விடும். மெமரி கார்டை எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அதில் புதிதாக எதையும் எடுக்காதீர்கள், ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கணினியில் ஒரு நகல் எடுத்து, சீரியல் எண் தெரியும் பக்கத்தைப் பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்ததா என்றும் பாருங்கள். அதே நாளில் அதே கேமராவில் எடுத்த விழாப் படங்களோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அடுத்த ஆதாரம் அவர்கள் கொடுத்த எஸ்டிமேட். நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். லென்ஸ் மவுண்ட், ஃபோகஸ் மோட்டார், கூலி, வரி. இவ்வளவுதான். “மெயின் போர்டு” என்று ஒரு வரிகூட இல்லை. ஜாப் ஷீட்டில் வாங்கும்போது இருந்த நிலை என்ற இடத்தில் “பவர் ஆகிறது” என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்து, 1,500 ரூபாய் கட்டணமும் வாங்கியவர்கள், போர்டு போயிருந்தால் அன்றே எழுதியிருக்க மாட்டார்களா? இப்போது அவர்கள் அனுப்பிய பதிலையும் பாருங்கள். “நாங்கள் கொடுக்கும்போது ஓடிற்று” என்று அவர்கள் சொல்லவே இல்லை. “போர்டு போயிருக்கும்” என்கிறார்கள். அப்படியானால் அவர்களிடம் இருக்கும்போதே போயிருந்தது என்றுதானே ஆகிறது? அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். போனையும் மாற்றாதீர்கள்.

பிடி ரப்பர் தூக்கிக்கொண்டிருப்பதும் சின்ன விஷயமில்லை. பல கேமராக்களில் பாடியைத் திறக்கும் ஸ்க்ரூக்கள் அந்த ரப்பருக்கு அடியில்தான் இருக்கும். பழுது லென்ஸில் என்று எஸ்டிமேட் போட்டவர்கள் பாடியை எதற்குத் திறந்தார்கள்? இந்தக் கேள்வியை நோட்டீஸிலேயே கேளுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒரு பொருளை ரிப்பேருக்கு ஒருவரிடம் ஒப்படைப்பது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 148-ஆம் பிரிவில் வருகிறது. வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. அவர் கையில் இருந்தபோது பொருள் கெட்டது என்று நீங்கள் காட்டிவிட்டால், தக்க கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது அவர்தான். சர்வீஸ் சென்டரின் மேஜைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அது அவர்களுக்குத்தான் தெரியும். தனக்கு மட்டும் தெரிந்த உண்மையை அவரவரே நிரூபிக்க வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் இருக்கிறது, அதற்கு முன்பிருந்த பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது.

நீங்கள் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். இங்கே அவர்கள் எடுக்கப்போகும் முதல் ஆயுதம், “இவர் கேமராவை வியாபாரத்துக்கு வைத்திருக்கிறார், நுகர்வோரே அல்ல” என்பது. பயப்படாதீர்கள். தன் பிழைப்புக்காக, சுயதொழிலில் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தெளிவாகவே சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார், ஏனென்றால் அது பெரிய அளவில் நடந்த தொழில். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான், துணைக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் அந்த உரிமை போகாது என்று நீதிமன்றம் சொன்னது. நீங்கள் தனி ஆளாகத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர். புகாரின் முதல் பத்தியிலேயே “இதை வைத்து நான் மட்டும் தொழில் செய்து குடும்பம் நடத்துகிறேன்” என்று எழுதிவிடுங்கள்.

1,500 ரூபாய் வாங்கினார்கள் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். அந்த ரசீதைப் பொன்போல் வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகச் செய்யும் சேவை இந்தச் சட்டத்தில் வராது. காசு வாங்கியதால்தான் சேவைக் குறைபாடு என்று நீங்கள் கேட்கவே முடிகிறது.

வாரண்டி பற்றி: உங்கள் அட்டையில் “கீழே விழுந்ததால் ஏற்படும் பழுதுக்குப் பொருந்தாது” என்றுதான் இருக்கிறது. ஒருமுறை விழுந்தால் வாரண்டியே ரத்து என்று எங்கும் இல்லை. அதனால் லென்ஸுக்கு வாரண்டி கேட்காதீர்கள், பாடிக்குக் கேளுங்கள். கூடவே வாங்கிய பில்லையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கடைக்காரர்கள் சில நேரம் விபத்துச் சேதத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தைத் தனியாகக் காசு வாங்கிச் சேர்த்திருப்பார்கள், வாங்கியவருக்கே ஞாபகம் இருக்காது. அப்படி ஒரு வரி இருந்தால் லென்ஸுக்கும் வழி பிறக்கும். ஆனால் அதில் தகவல் கொடுக்கக் கெடு இருக்கும், இன்றே பாருங்கள்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது ஆன் செய்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். “மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் வளைவுகளில் பஸ்ஸில் ஆட்டம் கண்டிருக்கும்” என்று அவர்கள் வக்கீல் சொல்லலாம். அன்றிரவே நீங்கள் செய்தி அனுப்பியது இதற்கு நல்ல பதில். நாலு நாள் கழித்து அனுப்பியிருந்தால் கஷ்டம். இன்னொன்று: விழுந்த அதிர்ச்சியில் போர்டில் மயிரிழை விரிசல் விட்டு, கொஞ்ச நாள் ஓடி, பிறகு நிற்பதும் உண்டு. அப்படித்தான் நடந்தது என்று அவர்கள் வாதாடினால் நிபுணர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நிபுணர் அறிக்கை கேட்டு ஆணையத்தில் மனுப் போடலாம்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: இனி அந்தக் கேமராவை யாரும் திறக்கக் கூடாது. குன்னூரிலோ ஊட்டியிலோ தெரிந்த மெக்கானிக் இருந்தாலும் வேண்டாம். பேட்டரியை வெளியே எடுத்து வையுங்கள். ஸ்க்ரூ இல்லாத இடம், ரப்பர், சீரியல் எண் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு மூடிவிடுங்கள். நம் மலையில் ஒரு மழைக்காலம் வெளியில் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு “ஈரம் ஏறியதால் கெட்டது” என்று மூன்றாவதாக ஒரு கதையும் கிளம்பும்.

நடைமுறை கஷ்டமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் சர்வீஸ் சென்டருக்கும் கேமரா கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் கொடுங்கள். அங்கீகாரம் பெற்ற மையம் என்பதால் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். கேமரா விற்ற கடையைச் சேர்க்கத் தேவையில்லை.

வழக்குக்காக நீங்கள் கோவைக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. நம்மைப் போல மலையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். உதகையில் உள்ள நீலகிரி மாவட்ட ஆணையத்தில் போடுங்கள். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. விசாரணையை வீடியோ மூலம் நடத்தச் சொல்லியும் கேட்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். வழக்கை மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் கூடுதலாகும், மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது? புதுக் கேமரா, ஐந்து லட்சம் நஷ்டஈடு என்று போடாதீர்கள். ஆணையம் உங்கள் மற்ற சொல்லையும் சந்தேகிக்கும். பாடியைச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும், முடியாவிட்டால் அன்றைய நிலையில் அந்தப் பாடிக்கு இருந்த மதிப்பைத் தர வேண்டும். இது முதல் கோரிக்கை. வாடகைக் கேமரா எடுத்திருந்தால் அதன் ரசீது, திருப்பிக் கொடுத்த கல்யாண அட்வான்ஸின் ஜிபே பதிவு, இவை இருந்தால் அந்தத் தொகைகளைக் கேளுங்கள். காகிதம் இல்லாத வருமான இழப்பைக் கேட்டால் கிடைக்காது. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை போதும்.

நோட்டீஸ் போனவுடனேயே “கொண்டு வாங்க சார், பார்த்துத் தரோம்” என்று அழைப்பு வர வாய்ப்பு அதிகம். போகலாம், சமரசம் நல்லதுதான். ஆனால் கொடுக்கும்போது புது ஜாப் ஷீட்டில் எந்தப் பழுதுக்காக, கட்டணமில்லாமல் என்று எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது நண்பருடைய லென்ஸையும் ஒரு பேட்டரியையும் எடுத்துப் போங்கள். கவுண்டரிலேயே மாட்டி, பத்துப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி நாலு மூலையையும் பார்த்த பிறகுதான் “இனி எனக்குக் கோரிக்கை இல்லை” என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.