ஓய்வுபெற்ற நர்ஸ் நினைவுகளை எழுத ஆரம்பிப்பது எப்படி?

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, நினைவுகளை எழுத ஆசை, ஆனால் கேஸ் ஷீட் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே ரகம்தான். இப்போது காலையில் எழுத்து, வாரத்தில் சில நாள் ஊர் சுற்றல் என்று பொழுது போகிறது. ஊர் சுற்றாமல் எனக்கு எழுத்து ஓடாது, அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், நர்ஸுக்கு எங்கே எழுத வரும் என்ற தயக்கத்தை விடுங்கள். 1820-இல் பிறந்து 1910 வரை வாழ்ந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வார்டில் கழித்தது சில வருஷம்தான். காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கப் போன கிரிமியப் போர் 1856-இல் முடிந்து ஊர் திரும்பியபின் அவர் செய்ததில் பெரும்பகுதி எழுத்துதான், அதுவும் முக்கால்வாசி படுக்கையில் இருந்தபடி.

நம் சிக்கல் வேறு. "இரவு 2 மணிக்கு நோயாளி வாந்தி எடுத்தார், டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது." இப்படி எழுதியே கை பழகிவிட்டது. தெரிவித்தது யார், எத்தனை தடவை கூப்பிட்டும் வராத டாக்டர்மேல் எவ்வளவு கோபம், நின்று நின்று கால் எப்படி வலித்தது, ஒன்றும் அதில் இருக்காது, இருக்கவும் கூடாது. நான் செய்வது இதுதான்: ஒரு சம்பவத்தை முதலில் டியூட்டி ரிப்போர்ட் மாதிரியே எழுதிவிடுவேன், ஒவ்வொரு வரிக்கும் கீழே இடம் விட்டு. அப்புறம் ரிப்போர்ட்டில் எழுத முடியாததையெல்லாம் அந்த இடத்தில் நிரப்புவேன். நிரப்பி முடித்ததும் மேலே உள்ள ரிப்போர்ட் வரிகளில் பாதியை அடித்துவிடலாம்.

வயதானவர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகள்தான் அதிகம் வரும் என்று உளவியல் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. எனக்கும் அப்படித்தான், பயிற்சிக் காலம் மளமளவென்று வந்தது, நடுவில் உள்ள வருஷங்கள் ஒரே குழப்பம். அங்கேதான் ஊர் சுற்றல் கைகொடுத்தது. ஒரு மியூசியத்தில் பழைய மருத்துவக் கருவிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், அதில் ஒரு கண்ணாடி சிரிஞ்ச். உள்தண்டிலும் குழாயிலும் ஒரே எண் பொறித்திருந்தது. ஒன்றின் தண்டு இன்னொன்றின் குழாயில் சரியாகப் பொருந்தாது, ஜோடி மாறினால் மருந்து கசியும். கொதிக்க வைக்கும்போது தண்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் போடணும், இல்லையென்றால் விரிசல்தான். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டுவோம், முனையில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சில் இழுத்துப் பார்ப்போம், பஞ்சு மாட்டினால் மறுபடி தீட்டணும். அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது, என்னோடு கருவிகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசர் பக்கத்தில் நின்று வீட்டுக் கதையெல்லாம் சொன்ன சீனியர் சிஸ்டரின் குரலே வந்துவிட்டது. அன்று எழுதியதுதான் இதுவரை எழுதியதில் உருப்படியானது.

அதிலிருந்து, வருஷம் நினைவில்லாத சம்பவங்களுக்குக் கருவியை வைத்துக் காலம் கண்டுபிடிக்கிறேன். பாதரச தெர்மாமீட்டரை உதறினோமா, டிஜிட்டலா? எல்லாவற்றுக்கும் கையுறை போட ஆரம்பித்துவிட்டோமா? 1981-இல் எய்ட்ஸ் முதன்முதலில் பதிவான பிறகுதானே அந்தப் பழக்கம் வலுத்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்ததா, நகத்தின் நிறத்தைப் பார்த்தே ஓட்டினோமா? இதைக் கேட்டுக்கொண்டாலே ஏறக்குறைய எந்தக் காலம் என்று தெரிந்துவிடும்.

பஸ்ஸில் போகும்போது இன்னொரு வேடிக்கை. பக்கத்தில் கம்பியைப் பிடித்திருப்பவர் கையைப் பார்த்தால், ஆகா, ஊசி போட எவ்வளவு அருமையான வெயின் (ரத்தநாளம்) என்றுதான் முதலில் தோன்றுகிறது. வீங்கிய கணுக்கால், நடக்கும்போது ஆடாத ஒரு கை, எல்லாம் கண்ணில் படும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். இதையும் குறித்து வைக்கிறேன், நர்ஸின் கண் எப்படிப் பார்க்கும் என்பது படிப்பவர்களுக்குப் புதிதுதானே.

நோயாளிகளைப் பற்றி எழுதுவதில் மட்டும் நான் கறார். பேரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதவே போதாது. அபூர்வமான நோய், மாதம், வார்டு, கூட வந்த உறவு, இந்த நாலும் சேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்கு யாரென்று உடனே தெரியும். நோயாளி சொன்னதை ரகசியமாகக் காப்பது 1953-இல் சர்வதேச செவிலியர் மன்றம் கொண்டுவந்த நெறிமுறையிலேயே உண்டு, ஓய்வு பெற்றதும் அது தீர்ந்துபோவதில்லை. அவர் இறந்துவிட்டாலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் என் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்: என் கை என்ன செய்தது, நான் எதற்குப் பயந்தேன், விடிந்ததும் எப்படி வீட்டுக்குப் போனேன். அவருடைய நோயும் குடும்பச் சண்டையும் அவருடையவை. அதைத் தொடாமல் சொல்லவே முடியாத கதை என்றால் எழுதி அலமாரியில் வைத்துவிடுவேன், அச்சுக்குப் போகாது. இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒருவராக்குவதும் சரிதான், ஆனால் கலந்திருக்கிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடணும், இல்லையென்றால் அது நினைவுக்குறிப்பு இல்லை.

வெளியே போவதென்றால் வேலை நாள் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. வருஷக்கணக்கில் நைட் டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் கடந்த தெருக்களை அப்போதுதான் முதல்முறையாக நிதானமாகப் பார்ப்பீர்கள். பழைய சக ஊழியர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது, நடக்கும்போது பேச்சு தானாக வரும். உட்கார பெஞ்ச் உள்ள இடமாகப் பாருங்கள், முழங்கால் நம் எல்லோருக்கும் வார்டிலேயே போய்விட்டது.