குட்டியைத் தொட விடாத மையத்துக்கே போங்கள்

வணக்கம். போர்னியோவில் ஒராங்குட்டான் குட்டிகளோடு இரண்டு வாரம் தன்னார்வலராக இருக்க இரண்டு மையங்களைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றில் புட்டிப்பால் கொடுக்கலாம், தூக்கிக் கொஞ்சலாம். மற்றதில் தொடவே கூடாது. எதற்குப் பணம் கட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதுதான்.

முதல் காரணம் சளி. நமக்குச் சாதாரணத் தடிமன்தான்; குட்டியின் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. காசநோயும் நம்மிடமிருந்து தொற்றும். அப்புறம், தாயை ஆறேழு வருடம் பிரியாமல் வளரும் உயிர் அது. தாயை இழந்து வந்த குட்டி, யார் கை நீட்டினாலும் இறுகப் பற்றிக்கொள்ளும். நீங்கள் விமானம் ஏறும் நாளில் அது இன்னொரு முறை அநாதையாகும். மனிதரிடம் பழகிப்போனால், காட்டில் விட்ட பிறகும் செம்பனை (பாமாயில் பனை) தோட்டத்துப் பக்கம் அஞ்சாமல் இறங்கி வரும். போர்னியோவின் மலேசியப் பகுதியான சபா மாநிலத்தில் 1964இல் தொடங்கிய செப்பிலோக் மையத்திலும் பார்வையாளர்கள் தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள்.

தொடாவிட்டால் என்ன வேலை என்கிறீர்களா? நான் போன இடத்தில் காலையெல்லாம் பழம் நறுக்கினோம். மூங்கில் துண்டுக்குள் தேனும் வேர்க்கடலையும் திணித்து இலையால் அடைத்தோம். ஒரு குட்டி குச்சியை ஒடித்து, நுனியைக் கடித்துச் சீவி, உதட்டைக் குவித்துக்கொண்டு வெகுநேரம் நோண்டியது. கடைசிக் கடலை வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பணம் கட்டுமுன், காசநோய்ப் பரிசோதனைச் சான்று கேட்பார்களா, இதுவரை எத்தனை குட்டிகள் காடு திரும்பின என்று விசாரியுங்கள். கிளம்பும் நாளில் தொண்டை கரகரத்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.