பார்வை தெளிவாக இருக்கும்போது எதற்கு லேசர்?

கேள்வி: வயது 54. விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 11 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. பேப்பர் படிக்கிறேன், பைக் ஓட்டுகிறேன், பார்வையில் ஒரு குறையும் இல்லை. கால் புண்ணுக்குப் போன இடத்தில் கண்ணையும் பார்க்கச் சொன்னார்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர், இரண்டு கண்ணிலும் உடனே லேசர் போட வேண்டும் என்கிறார். எங்கள் சித்தப்பாவுக்கு லேசர் போட்ட பிறகுதான் பார்வை போனது. பயமாக இருக்கிறது. அவசியம் போட வேண்டுமா?

பதில்: போட்டுக்கொள்ளுங்கள். பார்வை நன்றாக இருக்கும்போதே போடுவதுதான் நல்லது.

சர்க்கரை, கண்ணின் உட்புறத்தில் இருக்கும் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. வலி இருக்காது. நடுப்பகுதி பாதிக்கப்படாதவரை எழுத்தும் தெளிவாகவே தெரியும். குழாய்கள் அடைபட்டு ரத்தம் போதாமல் போகும்போது புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை மிகவும் மெல்லியவை. ஒருநாள் திடீரென்று உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிடும். உங்கள் டாக்டர் 'உடனே' என்று சொல்லியிருப்பது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும். புதுக் குழாய் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

லேசர், விழித்திரையின் ஓரப் பகுதியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுடுகிறது. அதனால் புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் லேசர். போன பார்வையை அது கொண்டுவராது. உங்கள் சித்தப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனால் ரத்தம் கசிந்த பிறகு, விழித்திரை இழுபட்ட பிறகு லேசருக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். நோய் பறித்த பார்வைக்கு லேசர் மேல் பழி விழுந்துவிடுகிறது. லேசரால் இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம் என்பது உண்மைதான். கண் முழுக்க இருண்டுபோவதோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு.

விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் ஊசியும் போடச் சொல்லலாம். மரத்துப்போகும் சொட்டு விட்டுத்தான் போடுவார்கள். முதலில் மாதம் ஒன்று என்று சில ஊசிகள் தேவைப்படும். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். ஊசி போட்ட சில நாட்களுக்குள் கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

இன்னொன்று. கால் புண்ணுக்காக இன்சுலின் ஆரம்பித்து சர்க்கரை வேகமாக இறங்கினால், கண் பாதிப்பு சில மாதங்களுக்குக் கூடலாம். அதற்காக இன்சுலினை நிறுத்த வேண்டாம். லேசரை முன்னதாக முடித்துவிடுங்கள், அவ்வளவுதான். ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது கூடினால் கண்ணும் சேர்ந்து கெடும்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. சர்க்கரை இருப்பது தெரிந்த வருடமே சொட்டு விட்டு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், அப்புறம் வருடம் ஒருமுறை. வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும், மங்கும். லேசர் அன்று பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரோடு பஸ்ஸில் போங்கள்.