அம்மாவின் பென்சில் எழுத்து

கேள்வி: படம் வந்த பிறகுதான் 'பொன்னியின் செல்வன்' வாசித்தேன். 'கல்கி'யில் வந்ததை அம்மா அந்தக் காலத்தில் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்திருந்தார். ஓரமெல்லாம் பென்சிலால் ஏதேதோ எழுதியிருந்தது, நந்தினி வரும் இடத்தில் 'இவளும் பாவம்தான்' என்பதுபோல. வாசிக்க இடைஞ்சலாக இருந்ததால் முதல் இரண்டு பாகத்திலும் அழித்துவிட்டேன். அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, இப்போது வாசிப்பதில்லை. எனக்கு வந்தியத்தேவனைப் பிடித்தது. நந்தினி வெறும் வில்லி. முடிவு சப்பென்று போய்விட்டது. அதற்குப் பிறகு குடும்ப நாவல், கிரைம் நாவல் என்று நிறைய வாசித்துவிட்டேன். கதைக்கத்தான் ஆள் இல்லை. கணவர் நேரம் வீண் என்கிறார். கூட வேலை செய்பவர் இதெல்லாம் இலக்கியமே இல்லை என்கிறார். நான் வாசிப்பது வீணா? அடுத்து என்ன வாசிக்கலாம்?
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, இலக்கியமா இல்லையா என்ற வழக்கு இந்தப் பக்கத்துக்கு எத்தனையோ தடவை வந்துவிட்டது. அதற்குத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பிடித்ததை வாசியுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: 'அழித்துவிட்டேன்.'

எதை அழித்தீர்கள் என்று தெரிந்துதான் அழித்தீர்களா? வந்தியத்தேவனைப் பிடித்தது, முடிவு பிடிக்கவில்லை என்று எனக்கு எழுதினீர்களே, அதுபோலத்தான் உங்கள் அம்மாவும் தன் மனதில் பட்டதை எழுதி வைத்திருந்தார். அவருக்குக் கடிதம் எழுதப் பத்திரிகை இருக்கவில்லையோ, துணிவு வரவில்லையோ, புத்தகத்தின் ஓரத்தில் எழுதினார். உங்கள் அபிப்பிராயத்தை யாரும் மதிக்கவில்லை என்று உங்களுக்கு மனவருத்தம். அம்மாவின் அபிப்பிராயத்தை அழிறப்பர் எடுத்துத் தேய்த்தது யார்?

அந்தப் பிரதி சும்மா வந்ததில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடர் அது. அவர் காலமான பிறகும் அந்த இதழ் பல தடவை அதைத் திரும்பப் போட்டது. வாராவாரம் இதழ் வாங்கி, பக்கம் பிரித்து, ஒரு வாரமும் தவறாமல் சேர்த்தால்தான் ஐந்து பாகமும் பைண்டுக்குப் போகும். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு இதழ்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது, பழைய இதழ் வைத்திருந்த வீட்டைத் தேடி ஆட்கள் போனார்கள். அப்புறம் யுத்தம். 1990இல் உங்கள் ஊரில் உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் எத்தனை பேர்! அத்தனையையும் தாண்டி அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

நந்தினிக்குப் பக்கத்தில் 'இவளும் பாவம்தான்' என்று எழுதியபோது அவர் கன்னிப் பெண்ணா, உங்களை மடியில் வைத்திருந்த தாயா? உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் வில்லி என்கிறீர்கள், அவர் பாவம் என்கிறார். இதைவிட நல்ல சண்டை புத்தகம் வாசிக்கிற இரண்டு பேருக்கு எங்கே கிடைக்கும்? கதைக்க ஆள் இல்லை என்று ஊர் முழுக்கத் தேடுகிறீர்கள், ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

இன்னொன்று எனக்குக் கோபமே வந்தது. கண்ணில் வெள்ளை என்பதை ஏதோ மழை பெய்தது என்பதுபோல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். இந்தக் காலத்தில் அது முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் இருக்கிறது. வயது போனால் அப்படித்தான் என்று அம்மா சொல்லியிருப்பார், எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறதற்கா பெற்று வளர்த்தார்? பெற்றவருக்குக் கண் தெரியாமல் இருக்க, நமக்கு அடுத்த நாவல் எது என்று கேட்பது முறையில்லை. அதைச் சொல்ல நான் தயங்கமாட்டேன்.

ஆனாலும் கேட்டீர்கள், சொல்கிறேன். தமிழில் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதியவர் உங்கள் ஊர்க்காரர், தி.த. சரவணமுத்துப்பிள்ளை. நாயக்கர் காலத்துக் கதை. சோழர் கதையில் மயங்கிய நீங்கள் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். பழைய நடை, முதல் சில பக்கங்கள் மெதுவாகத்தான் நகரும், பொறுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மூதூரில் இருந்த வ.அ. இராசரத்தினத்தின் 'தோணி' சின்னக் கதைதான். ஒரே இருப்பில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிடலாம்.

முடிவு சப்பென்று போனது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள் இல்லை. தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேள்வி கேட்டு, கல்கி முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. உங்கள் பைண்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது இது. மிச்சம் மூன்று பாகங்களிலும் கை வைக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிவியை நிறுத்திவிட்டு, 'கொலை வாள்' பாகத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசியுங்கள், ஓரத்தில் இருப்பதையும் சேர்த்து. அழித்ததையும் அவரிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். நேரம் வீண் என்கிற கணவரையும் பக்கத்தில் இருத்துங்கள், அவருக்கும் அவர் மாமிதானே. அதற்கு முதல் கிளினிக்குக்குத் திகதி எடுங்கள். எடுத்த பிறகு எனக்கு எழுதுங்கள். நந்தினியைப் பற்றி அம்மா என்ன சொன்னார் என்று அறிய எனக்கும் ஆவல்.