ஈறில் திரும்ப வளரும் கட்டி: முதல்ல பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேளுங்க

வணக்கம் சகோதரி. 12 வயசு மகளுக்கு மேல் முன்பற்களுக்கு நடுவே இருந்த கட்டியை வெட்டி எடுத்தும் சில மாசத்துல திரும்ப வந்துடுச்சு, புற்றுநோயோன்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இந்த வயசுல ஈறுல வர்றது பெரும்பாலும் ஆபத்தில்லாத கட்டிதான். ஆனா கண்ணால பார்த்து மட்டும் முடிவு கட்டக்கூடாது. முதல் தடவை வெட்டினதை பயாப்ஸிக்கு (சதையை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்க்கிற பரிசோதனை) அனுப்பினாங்களா? இல்லேன்னா இந்தத் தடவை கண்டிப்பா அனுப்பச் சொல்லுங்க.

தொட்டாலே ரத்தம் கசியுற சிவப்புக் கட்டின்னா பயோஜெனிக் கிரானுலோமாவா இருக்கலாம். வெளிறி, கெட்டியா இருந்தா பெரிஃபெரல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமாவா இருக்கலாம். பதின்வயசுப் பெண் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம், திரும்பவும் வரலாம். ரெண்டுமே புற்றுநோய் இல்லாத கட்டிகள்தான். ஜயன்ட் செல் கிரானுலோமான்னு (இதுவும் புற்றுநோய் இல்லாத கட்டிதான்) ரிப்போர்ட் வந்து, மறுபடி மறுபடி வளர்ந்தா, ரத்தத்துல கால்சியமும், அதைக் கட்டுப்படுத்துற பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கணும்.

மேலாகச் செதுக்கி விட்டா கட்டி மறுபடி முளைக்கும். எலும்பை ஒட்டின சவ்வு வரைக்கும் எடுத்து, பக்கத்துப் பல் வேர்ல படிஞ்ச காரையையும் சுரண்டணும். இதுக்காகப் பல்லைப் பிடுங்கணும்னு யாராவது சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்ட கேட்காம சம்மதிக்காதீங்க.

சென்னை பார்க் டவுன் பக்கம் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பழைய எக்ஸ்ரேயும் கையில இருக்கட்டும். சில வலிப்பு மாத்திரையால ஈறு பெருக்கும்; அதனால அப்படி ஏதாவது சாப்பிடுறாளான்னும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. பல் ஆடினாலோ, உதடு மரத்தாலோ, கட்டி வேகமா பெருத்தாலோ உடனே கிளம்புங்க.